முதலில் உள்ளே போன சவப்பெட்டி

க்ளூன்மரா, மேயோ மாவட்டம்
17 பிப்ரவரி 1936

என் அண்ணன் பெற்ற செல்வமகள் டீலியாவுக்கு, உன் சித்தப்பன் மலாக்கி லாவெல் எழுதுவது.

ஆண்டவரும் அவர் தாயும் பாஸ்டன் பட்டணத்தில் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இங்கே நான், என் பசு, என் இருமல் மூவரும் சௌக்கியம்.

தந்தி கிடைத்திருக்கும். உன் அப்பன் மார்ட்டின் போன திங்கட்கிழமை டப்ளின் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினான். பாவசங்கீர்த்தனம், அவஸ்தைபூசுதல் எல்லாம் முறைப்படி நடந்தது. அழு மகளே. ஆனால் ஒரு கண்ணால் மட்டும் அழு, மற்றதால் இதைப் படி. அயர்லாந்தின் அரசர்கள் ஒருவருக்கும் வாய்க்காத சவ ஊர்வலம் உன் அப்பனுக்கு வாய்த்தது.

உன் தம்பி கோல்மன் அடுப்பெரிக்கும் மண்கட்டி ஏற்றும் லாரி ஒன்றை இரவல் வாங்கினான். அதற்கு ஒரு காலத்தில் பிரேக் இருந்ததாகச் சொல்கிறார்கள். அவன் ஓட்ட, நான் பின்னால் பெட்டியின் மேல் கையை வைத்தபடி நிற்க, நாட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு புறப்பட்டோம். கின்னகாட் தாண்டியதும் நானூறு மாடுகள் எதிரே வந்தன. ஓட்டி வந்தவன் பெட்டியைப் பார்த்தும் தொப்பியைக் கழற்றவில்லை. நானே இறங்கிப் போய்க் கழற்றினேன். தொப்பியோடு காதும் கொஞ்சம் வந்துவிட்டது. மலிங்கரில் மூன்று கசாப்புக்காரர்கள் லாரியைப் பார்த்து, "மண்கட்டிக்கு எதுக்குடா பித்தளைக் கைப்பிடி?" என்று சிரித்தார்கள். அந்த ஊரில் இப்போது கஞ்சி குடித்து வாழும் கசாப்புக்காரர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். லாங்ஃபோர்டில் ஒரு காளை வழிமறித்தது. அதை நான் அடிக்கவில்லை. முறைத்தேன். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்ட்ரோக்ஸ்டவுன் மதுக்கடையில்தான் விஷயம் தெரிந்தது. கடைக்காரன் கேட்டான்:

"யாரு பெட்டிப்பா அது?"

"எங்க அண்ணன். க்ளூன்மராவுக்குப் போறோம்."

"அப்ப இங்க நின்னு குடிச்சிக்கிட்டா இருக்க? ரூவேன் வீட்டுக் கிழவி செத்துப் போச்சு. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு அதே கல்லறைத் தோட்டத்துலதான் அடக்கம். வண்டிய மிதிடா!"

உனக்குத் தெரியாததா? ஒரே நாளில் இரண்டு பெட்டி வந்தால், பின்னால் போகிற ஆத்துமாதான் அடுத்த சாவு வரும்வரை உத்தரிக்கும் ஸ்தலத்து நெருப்பில் பாவம் கழிக்கும் ஆத்துமாக்களுக்கெல்லாம் தண்ணீர் சுமக்க வேண்டும். தன் சொந்தப் பசுவுக்கே ஒரு வாளி தூக்காத உன் அப்பன், ரூவேன்களின் கொள்ளுத்தாத்தாக்களுக்குத் தண்ணீர் சுமப்பதா? நான் உயிரோடு இருக்கும்வரை நடக்காது.

நடக்கவில்லை. உன் அப்பன்தான் முதலில் உள்ளே போனான். வாசலில் சின்னத் தள்ளுமுள்ளு. கை வலிக்கிறது, மிச்சம் பிறகு.

உன் சித்தப்பன்,
மலாக்கி


டார்செஸ்டர், பாஸ்டன்
3 மார்ச் 1936

அன்புள்ள சித்தப்பாவுக்கு, டீலியா வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். உங்கள் இருமலுக்கு ஃப்ளானல் துணி அனுப்பியிருக்கிறேன், நெஞ்சோடு சுற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். அழுதுகொண்டே சிரித்ததில் எஜமானியம்மா பயந்துவிட்டாள். அப்பாவை நீங்கள் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்!

கோல்மன் ஏன் எழுதவில்லை? வாரம் தவறாமல் எழுதுகிறவன். டிராம் பட்டறையில் அவனுக்கு வேலை சொல்லி வைத்தாயிற்று. மே மாதக் கப்பலில் அவன் வந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். அப்பாவும் போன பிறகு எனக்கு அவன்தான். இதை அவனிடம் சொல்லுங்கள்.

சின்னத் தள்ளுமுள்ளு என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எதையும் சின்னது என்று எழுதி நான் பார்த்ததில்லை.

அன்பு மகள்,
டீலியா


க்ளூன்மரா
17 மார்ச் 1936, புனித பேட்ரிக் திருநாள்

செல்வமகளே,

அப்போஸ்தலர் பேட்ரிக் உனக்குத் துணை. ஃப்ளானல் வந்தது. அதைச் சுற்றிக்கொண்டு பூசைக்குப் போனேன், பிஷப் என்று நினைத்து இரண்டு பேர் முழங்காலிட்டார்கள்.

வாசல் யுத்தத்தைக் கேட்டாய். கேள். கடைசி மேட்டில் ஏறும்போது பார்க்கிறோம், முன்னால் ரூவேன்களின் குதிரை வண்டி. கிழவியின் பெட்டி. சுற்றிலும் முந்நூறு ரூவேன்கள். இந்தக் கோவில் பங்கில் மொத்தமே இருநூறு பேர்தான், மிச்சத்தை எங்கிருந்து வரவழைத்தார்களோ! கோல்மன் லாரி ஹாரனை அடித்தான். அவர்கள் வழி விடவில்லை. அவன் லாரியை வண்டிக்குப் பக்கத்திலேயே செலுத்தினான். சக்கரத்தோடு சக்கரம் உரசுகிறது. இந்தப் பக்கம் கற்சுவர், அந்தப் பக்கம் பள்ளம். அங்கிருந்து தடி வருகிறது, இங்கிருந்து மண்வெட்டிக் காம்பு போகிறது. கிழவியின் மூத்த மகன் ஃபெஸ்டஸ் ரூவேன் சாட்டையைச் சுழற்றி என் கழுத்தில் ஒரு மாலை போட்டான். நான் அவன் தம்பி டொமினிக்கின் பல்லில் பன்னிரண்டைப் பறித்துச் சாலையில் விதைத்தேன்.

முச்சந்தியில் காத்திருந்த நம் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். ஃபாதர் ஹெவி குடையை எடுத்துக்கொண்டு நடுவில் பாய்ந்தார்.

"கிறிஸ்தவங்களாடா நீங்க?"

"அவங்களக் கேளுங்க ஃபாதர், அவங்கதான் மொதல்ல அடிச்சாங்க!"

"யாரு மொதல்ல அடிச்சான்னு நான் கேக்கல. யாரு கடைசியா அடிக்கிறான்னு பாரு!" என்று அவர் இரு கட்சிக்கும் சமமாகப் பரிமாறினார். குடையில் துணி மிஞ்சவில்லை.

ரூவேன்கள் தந்திரக்காரர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினார்கள், சுவர்மேல் ஏற்றி உள்ளே இறக்கிவிடலாம் என்று. நம் ஆட்கள் பின்னாலேயே ஓடி அவர்கள் கால்களைப் பிடித்து இழுக்க, பெட்டி சுவர்மேல் தராசு மாதிரி ஆடியது. சுவரெல்லாம் ரத்தம். ஒருவனுக்குக் கை ஒடிந்தது, ஒருவனுக்கு மூக்கு இருந்த இடம் தெரியவில்லை. கிழவி மட்டும் உயிரோடு இருந்திருந்தால் எழுந்து உட்கார்ந்து கைதட்டியிருப்பாள்.

முன்வாசலில் ஃபெஸ்டஸ் நின்றான். பிறகு விழுந்தான். உன் அப்பன் உள்ளே போனான்.

கோல்மனுக்கு மணிக்கட்டு சுளுக்கு. அதனால்தான் எழுதவில்லை.

மலாக்கி


டார்செஸ்டர்
2 ஏப்ரல் 1936

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்கவேண்டும் என்று வேண்டுகிறேன்.

இங்கே சலவைக்கூடத்தில் வேலை செய்யும் விண்ணி ரூவேன், செத்துப்போன கிழவியின் கொழுந்தன் மகள். ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் கறுப்பு உடுத்தி நின்றாள். கைகொடுக்கப் போனேன்.

"உன் பெரியம்மாவுக்கு ஆறு வாரமாச்சே விண்ணி, இன்னுமா கறுப்பு?"

"இது பெரியம்மாவுக்கு இல்ல."

"பின்ன யாருக்கு?"

"ஓ, உனக்கு யாரும் எழுதலையா? போய் உன் தம்பியக் கேளு."

சொல்லிவிட்டு என் காலடியில் துப்பினாள். பூசை முடிந்து எல்லாரும் படியில் நிற்கும்போது.

சித்தப்பா, ஃபெஸ்டஸ் விழுந்தான் என்று எழுதினீர்கள். எழுந்தானா?

டீலியா


டார்செஸ்டர்
27 ஏப்ரல் 1936

சித்தப்பாவுக்கு,

நலம். மூன்று கப்பல் வந்துவிட்டது. உங்கள் கடிதம் இல்லை. கோல்மனின் இடத்தைப் பட்டறையில் வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

டீலியா


க்ளூன்மரா
6 மே 1936

டீலியாவுக்கு,

கடவுள் காக்க. பசு கன்று போட்டது. ஐரோப்பாவிலேயே பெரிய கன்று என்று எழுதத்தான் நினைத்தேன். சாதாரணக் கன்றுதான்.

ஃபெஸ்டஸ் எழவில்லை. ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தான். மண்டையில் அடி. நான் உனக்கு முதல் கடிதம் எழுதியபோது அவனுக்கு உயிர் இருந்தது. அதை நம்பிக்கொண்டுதான் அப்படி எழுதினேன். இரண்டாவது எழுதியபோது அவன் மண்ணுக்குள் போய் மூன்று வாரம்.

அடித்தது கோல்மன் என்று அவன் தம்பிகள் டொமினிக்கும் ஆஸ்டினும் சார்ஜன்ட்டிடம் சொன்னார்கள். சார்ஜன்ட் கேட்டதற்குக் கோல்மன் ஆமாம் என்று சொல்லிவிட்டான். மாவட்டச் சிறையில் இருக்கிறான். இலையுதிர்காலத்தில் விசாரணை. வக்கீல் கெட்டிக்காரர், கார்டினல் மாதிரி குரல். பத்து வருஷம் போடுவார்கள், குறைக்கப் பார்க்கிறேன் என்கிறார்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

மலாக்கி


மாவட்டச் சிறை
10 மே 1936

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி கோல்மன்.

நான் சுகம். நீ சுகமா? இங்கே சாப்பாடு மோசமில்லை. ஒரு பக்கத்துக்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

அப்பாவின் அடக்கம் நல்லபடி முடிந்தது. பட்டறைக்காரரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடு.

சித்தப்பாவிடம் எதையும் கேட்காதே. வாசலில் நான் லாரியை விட்டு இறங்கினேனா என்று உன்னிடம் யார் கேட்டாலும் உனக்குத் தெரியாது. அவருக்கு அறுபத்தொன்று ஆகிறது. இந்தச் சுவர்களில் ஈரம் ஒழுகுகிறது. அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவருக்கு இங்கே ஒரு குளிர்காலம் தாங்காது. எனக்குத் தாங்கும்.

தம்பி,
கோல்மன்


டார்செஸ்டர்
24 மே 1936

மலாக்கி லாவெல் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கவில்லை. மன்னிக்கவும்.

கின்னகாட்டில் யார் காதை யார் பிய்த்தது, மலிங்கரில் யார் பல்லை யார் உடைத்தது, சுவரடியில் யார் காலை யார் இழுத்தது, எல்லாவற்றையும் ஆள் சுட்டி எழுதினீர்கள். ஃபெஸ்டஸ் வாங்கிய அடிக்கு மட்டும் அடித்தவன் பெயர் இல்லை. "கோல்மன் என்று சொன்னார்கள்." "கோல்மன் ஆமாம் என்றான்." கோல்மன் அடித்தான் என்று எழுத உங்களுக்கே கை வரவில்லை.

அவன் கோழியை அறுக்கச் சொன்னால் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர் நீங்கள். பத்து வருஷம் சித்தப்பா. வெளியே வரும்போது அவனுக்கு முப்பத்தாறு.

ஒரே கேள்வி. முந்நூறு பேர் வேண்டாம், காளை வேண்டாம். அடித்தது யார்?

டீலியா


மாவட்டச் சிறை ஆஸ்பத்திரி
20 ஆகஸ்ட் 1936

மகளே,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து தள்ளாடும், பொறுத்துக்கொள்.

நான்.

அதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. உன் கடிதம் வந்த அன்றே சார்ஜன்ட்டிடம் போனேன். பெஞ்சில் உட்காரவைத்து டீ கொடுத்தார்.

"சார்ஜன்ட், ஃபெஸ்டஸ அடிச்சது நான். எழுதிக்குங்க."

"போன வருஷம் ஸ்லைகோ சந்தையில ரெண்டு பேரக் கொன்னேன்னு சொன்னீங்களே மலாக்கி, அதையும் சேத்து எழுதிக்கவா? ரெண்டு பேரும் போன வாரம் இதே பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சிட்டுப் போனாங்க. பையன் மேல பாசம், புரியுது. வீட்டுக்குப் போங்க."

வக்கீலும் சிரித்தார். ஃபாதர் ஹெவி மட்டும் சிரிக்கவில்லை. "நம்பறேன் மலாக்கி. ஆனா நான் பின்சுவர்கிட்ட இருந்தேனே, பாக்கலையே" என்றார். ஆயுள் முழுக்கப் பொய்யை வாரி இறைத்தவனுக்கு, ஒரே ஒரு உண்மையை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் அகப்படவில்லை.

ஜூலையில் ரூவேன் வீட்டுக்கே போனேன். டொமினிக் கதவைத் திறந்தான்.

"பாத்ததச் சொல்லுங்கடா. நான்தானேடா?"

"நீதான் கிழவா. சுவர்மேல இருந்து ரெண்டு பேரும் பாத்தோம்."

"அப்பறம் ஏண்டா அவன் பேரச் சொன்னீங்க?"

"உன்ன உள்ள தள்ளி என்ன பிரயோஜனம்? இன்னும் ரெண்டு வருஷத்துல தானாவே போகப் போற. எங்க வீட்டுல போனவனுக்கு முப்பத்திரண்டு வயசு. உங்க வீட்டுலயும் வயசுப்பையன்தான் போகணும். இத வெளிய சொன்னா யாரு நம்புவா, போ."

கதவைச் சாத்திவிட்டான். வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவர்கள் வாயில்தான் உண்மை இருக்கிறது. அது தானாக வராது. அடித்துத்தான் எடுக்கவேண்டும். ஆனால் இந்த முறை அடி வாங்கி.

ஆகஸ்ட் பன்னிரண்டு, பாலிகரா சந்தை. சார்ஜன்ட் எங்கே நிற்பார் என்று முதலில் பார்த்துக்கொண்டேன். ஆட்டுத் தொழுவத்துக்கு முன்னால். அவருக்கு ஐந்தடி தூரத்தில் ஒரு கவிழ்த்த தொட்டிமேல் ஏறி நின்றேன். டொமினிக்கும் ஆஸ்டினும் வந்தார்கள். ஆரம்பித்தேன்.

"ஊர் ஜனங்களே, ஒரு சேதி! ரூவேன் வீட்டு மூத்த சிங்கம் எப்பிடி விழுந்துச்சு தெரியுமா? ஒரே அடி! அறுபத்தொரு வயசுக் கிழவனோட ஒரே அடி!"

"எறங்கு கிழவா, அடங்கு" என்றான் ஆஸ்டின்.

"முட்டைய உடைக்கக்கூட நான் ரெண்டு தட்டு தட்டுவேன். இவனுக்கு ஒண்ணு போதுமா இருந்துச்சு! தம்பிங்க ரெண்டு பேரும் சுவர்மேல குந்தி வேடிக்கை பாத்தாங்க, கோழிங்க மாதிரி! டேய் டொமினிக், உங்கண்ணன் விழுந்த சத்தம் அங்க வரைக்கும் கேட்டுச்சாடா?"

தொட்டியிலிருந்து நான் இறங்கவில்லை. இறக்கப்பட்டேன். டொமினிக் முதல் குத்தை வாயில் விட்டான். ஆஸ்டின் பூட்ஸ் காலால் விலாவில். நான் கையைத் தூக்கவில்லை மகளே. அறுபத்தொரு வருஷத்தில் முதல் தடவை. விரலை மிதித்துத் திருகினான், கத்தினேன். கத்தும்போதும், "இன்னும் பலமாடா, உங்கண்ணன் இதவிட லேசான அடிக்கே செத்தான்" என்றேன். அப்போதுதான் டொமினிக் அழுதுகொண்டே என் மார்மேல் உட்கார்ந்து, தலையைப் பிடித்துக் கல்லில் மோதிக்கொண்டே அலறினான்:

"நீதாண்டா கொன்ன! நாங்க கண்ணால பாத்தோம்! அந்தப் பையன் லாரிய விட்டு எறங்கவே இல்ல! நீதாண்டா எங்கண்ணனக் கொன்ன, பாவி!"

சந்தை முழுக்கக் கேட்டது. ஆடுகள்கூட அடங்கின. சார்ஜன்ட் என்னைப் பிடித்து இழுக்கவில்லை, முதலில் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

விலா மூன்று. வலது கை விரல் இரண்டு. ஒரு கண் இனி அவ்வளவாகத் தெரியாது. இதில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கோல்மன் திங்கட்கிழமை வெளியே வந்தான். அக்டோபரில் என் விசாரணை. சண்டைச் சூட்டில் விழுந்த அடி என்று வாதாடலாம், மூன்று வருஷத்தோடு போகும் என்கிறார் கார்டினல் குரல்காரர். கோல்மன் அடுத்த கப்பலில் உன்னிடம் வருவான். இந்தக் கடிதத்தை அவன் கையில்தான் தருகிறேன், சிறைக்காரர்கள் பிரிக்காமல் நேரே உன்னிடம் சேர்ப்பான். ஒட்டியதைப் பிரிக்கிற பிள்ளை இல்லை அவன்.

அடுத்த பக்கம் உனக்கு மட்டும். படித்ததும் கணப்பில் போடு.

சண்டைச் சூடு இல்லை. எல்லாரும் பின்சுவர்ப் பக்கம் போய்விட்டார்கள். வாசலில் ஃபெஸ்டஸும் நானும் மட்டும். லாரி உறுமிக்கொண்டிருந்தது, கோல்மன் கண்ணாடிக்குப் பின்னால், அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது. ஃபெஸ்டஸ் கையில் இருந்த தடியைக் கீழே போட்டான். தொப்பியைக் கழற்றினான். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "போதும் மலாக்கி ஐயா. மார்ட்டின் ஐயாவே மொதல்ல போகட்டும். எங்கம்மா ஆயுசு பூரா தண்ணி சுமந்தவதான், ஒண்ணும் சொல்லமாட்டா. நீங்க போங்க." சொல்லிவிட்டு இரும்புக் கதவைத் திறந்துவிடத் திரும்பினான்.

ஓங்கிய கையை நிறுத்த முடியவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஓங்கியிருக்கவில்லை. அவன் திரும்பிய பிறகுதான் ஓங்கினேன். நூற்றைம்பது மைல் நான் ஒரு வெற்றிக்காக வந்தேன். அவன் அதைச் சில்லறை மாதிரி என் கையில் வைத்தான். எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு இல்லை.

உன் அப்பன் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போனான்.

மலாக்கி


டார்செஸ்டர், பாஸ்டன்
6 செப்டம்பர் 1936

க்ளூன்மராவில் இருக்கும் திருமதி ஹனோரா ரூவேன் அவர்களுக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. நீங்கள் மணமாகி அந்த ஊருக்கு வந்தபோது நான் இங்கே வந்துவிட்டேன். நீங்களும் பிள்ளைகளும் உடம்புக்குச் சுகமாக இருக்கவேண்டும் என்று எழுதுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

இதோடு ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். கடிதத்தின் கடைசிப் பக்கம். எழுதியவர் இதை எரிக்கச் சொன்னார். அடுப்பு வரை இரண்டு முறை கொண்டுபோனேன். ஆனால் இதில் நாலு வரி அவர் எழுதியது அல்ல, உங்கள் வீட்டுக்காரர் ஃபெஸ்டஸ் வாசலில் நின்று பேசியது. அவர் கடைசியாகப் பேசியது. அதைக் கேட்டவர் ஒரே ஆள், நான் இரண்டாவது. மனைவியிடம் இருக்கவேண்டிய வார்த்தை என் அலமாரியில் இருப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

மற்ற வரிகளையும் படிப்பீர்கள். படிக்கத்தான் வேண்டும். எழுதியவர் பெரிய புளுகர் என்று ஊரே சொல்லும். இந்தப் பக்கத்தில் அவர் எதையும் கூட்டவில்லை, எனக்குத் தெரியும்.

அக்டோபரில் விசாரணை. இதை நீதிபதியிடம் கொடுத்தால் மூன்று வருஷம் என்பது வேறாகிவிடும். தூக்கு என்றுகூட ஆகலாம். கொடுப்பதா, வைத்துக்கொள்வதா, நெருப்பில் போடுவதா, நீங்கள் எது செய்தாலும் நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். பதிலும் எதிர்பார்க்கவில்லை. என் தம்பி நேற்றுக் கப்பலை விட்டு இறங்கினான். பக்கத்து அறையில் தூங்குகிறான். அவனிடம் இதைச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
மலாக்கி லாவெலின் அண்ணன் மகள்,
டீலியா